அமெரிக்காவில் ஆயுதக் கொள்ளை வழக்கு அப்பீல்: ஜூரிக்குத் தவறாகச் சொன்ன சட்டமும் சாட்சியாக மாறிய அரசு வழக்கறிஞரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுதக் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவரின் அம்மாவோ மனைவியோ அண்ணனோ முதலில் கேட்பது, "அவன் செய்யவே இல்லையே, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்பதுதான். அப்பீல் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் பெரும்பாலும் போவதே இல்லை. ஜூரியின், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் சாதாரண மக்கள் குழுவின், காதில் விழுந்த சட்டம் சரியான சட்டமா, விழக்கூடாத எதுவும் விழுந்துவிட்டதா என்றுதான் அது பார்க்கும். சட்டத்தைச் சொல்பவர் நீதிபதி. விழக்கூடாததைச் சொல்லிவிடுபவர் பல நேரம் அரசு வழக்கறிஞர். அந்த இரண்டைப் பற்றியும்தான் இந்தப் பக்கம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு என்பதால் இதைப் படித்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள், இதையே வழக்கறிஞராக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பீல் என்றால் வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பார்களா?

இல்லை. புதிய சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, பெரும்பாலும் தண்டனை பெற்றவரே அங்கே இருக்கமாட்டார். வழக்கமாக மூன்று நீதிபதிகள் கீழ்க்கோர்ட்டின் பதிவை, அதாவது அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்த டிரான்ஸ்கிரிப்டைப் படிப்பார்கள். இரு தரப்பும் எழுத்தில் வாதம் கொடுப்பார்கள். சில வழக்குகளில் வாய்மொழி வாதத்துக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். பதிவில் இல்லாதது நேரடி அப்பீலைப் பொறுத்தவரை நடக்காதது. குடும்பத்தாருக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் மிகவும் கஷ்டம்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

ஃபெடரல் வழக்கென்றால், அதாவது மாநிலச் சட்டப்படி அல்லாமல் மத்திய அரசின் சட்டப்படி நடந்த வழக்கென்றால், தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாள். கலிஃபோர்னியாவில் 60 நாள். நியூயார்க்கிலும் டெக்சஸிலும் 30 நாள். இந்த நாட்களுக்குள் போட வேண்டியது முழு வாதம் அல்ல, 'அப்பீல் செய்கிறோம்' என்று சொல்லும் ஒரு சிறு அறிவிப்புதான். காரணங்களைப் பிறகு எழுதலாம்.

"போடச் சொன்னோம், வக்கீல் போடவில்லை" என்று வருபவர்கள் உண்டு. கட்சிக்காரர் சொல்லியும் வக்கீல் அந்த அறிவிப்பைப் போடாமல் விட்டால், அப்பீலில் ஜெயித்திருப்பார் என்று நிரூபிக்காமலேயே அந்த உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000-இல் ஃப்ளோரஸ்-ஒர்டேகா வழக்கிலும் 2019-இல் கார்சா எதிர் ஐடஹோ வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ தேதியோடு எழுதிக் கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை. டிரான்ஸ்கிரிப்டுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்களே?

வசதி இல்லாதவருக்கு இரண்டையும் அரசு தர வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் பற்றிய உரிமை வந்ததே ஆயுதக் கொள்ளை வழக்கிலிருந்துதான். சிகாகோ இருக்கும் குக் கவுன்டியில் ஆயுதக் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்ட இருவர், பதிவின் நகலை வாங்கக் கையில் காசில்லை, அது இல்லாமல் அப்பீல் செய்ய வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1956-இல் கிரிஃபின் எதிர் இல்லினாய் தீர்ப்பு வந்தது. ஒருவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் நீதி மாறக்கூடாது என்பது அதன் சாரம். 1963-இல் டக்ளஸ் எதிர் கலிஃபோர்னியா தீர்ப்பு, முதல் அப்பீலுக்கு ஏழைக்கு வக்கீலும் உண்டு என்றது. அந்த வழக்கிலும் கொள்ளைக் குற்றச்சாட்டுகள் இருந்தன. இன்று ஒரு கைதி படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பி வக்கீல் பெறுகிறார் என்றால் அதற்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஜூரிக்கான அறிவுரை என்றால் என்ன?

நம்மில் பலருக்கு ஜூரி பழக்கமில்லை. இந்தியாவில் அது மெல்ல மங்கி, 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இல்லாமலே போய்விட்டது. அங்கே நீதிபதியே சட்டத்தையும் பார்த்து உண்மையையும் தீர்மானிக்கிறார். அமெரிக்காவில் வேலை இரண்டாகப் பிரிகிறது. என்ன நடந்தது என்பதைச் சட்டம் படிக்காத சாதாரண மக்கள் தீர்மானிப்பார்கள். அதற்கு என்ன சட்டம் பொருந்தும் என்பதை நீதிபதி அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இந்தச் சொல்லிக்கொடுத்தலைத்தான் அறிவுரை என்கிறோம்.

ஆயுதக் கொள்ளையில் நீதிபதி பொதுவாக இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும்: பொருள் இன்னொருவருடையது, அவரிடமிருந்தோ அவர் முன்னிலையிலோ எடுக்கப்பட்டது, அவர் சம்மதம் இல்லை, பலத்தையோ பயத்தையோ காட்டி எடுத்தார், திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் நோக்கம் இருந்தது, ஆயுதம் இருந்தது. ஒவ்வொன்றையும் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வேறு குற்றம், அல்லது குற்றமே இல்லை.

எந்த வாசகத்தைப் படிப்பது என்று நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவார்கள். இந்தப் பேச்சு சில சமயம் நீதிபதியின் அறையில், பதிவு செய்பவர் இல்லாமல் நடந்துவிடும். அங்கே உங்கள் வக்கீல் எவ்வளவு வாதாடியிருந்தாலும், பிறகு வெளியே வந்து பதிவில் ஏற்றாவிட்டால் அது காற்றோடு போனதுதான்.

எந்த மாதிரித் தவறுகள் அப்பீலில் எடுபடும்?

மிகக் கனமானது, 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்பதையே நீதிபதி தவறாக விளக்குவது. லூசியானாவில் ஒரு காலத்தில் ஜூரிக்குப் படித்த வாசகம், சந்தேகம் என்றால் 'கனத்த நிச்சயமின்மை' என்கிற அளவுக்கு இருக்க வேண்டும் என்ற பொருளைத் தந்தது. அப்படியென்றால் சாதாரணமான, நியாயமான சந்தேகம் வந்தவர்கூடக் குற்றவாளி என்று கை தூக்கிவிடலாம். 1990-இல் கேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. 1993-இல் சல்லிவன் எதிர் லூசியானா வந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு மதுக்கூடத்தில் நடந்த ஆயுதக் கொள்ளையில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கு அது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். இந்தத் தவறு வழக்கின் அஸ்திவாரத்தையே அரித்துவிடுகிறது, 'எப்படியும் குற்றவாளி என்றுதான் சொல்லியிருப்பார்கள்' என்று சமாதானம் சொல்ல இடமில்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சரியான அளவுகோலால் அளந்த தீர்ப்பே இல்லாதபோது, அந்தத் தீர்ப்பின் மேல் பிழையின் தாக்கம் எவ்வளவு என்று எதை வைத்துப் பார்ப்பது?

அடுத்தது, கூட்டாளி விஷயம். காரை ஓட்டியவர், வெளியே நின்றவர் ஆகியோரின் குடும்பங்கள்தான் அதிகம் வருகின்றன. "இவனுக்குத் துப்பாக்கி இருப்பதே தெரியாது" என்பார்கள். 2014-இன் ரோஸ்மண்ட் தீர்ப்பு இங்கே முக்கியம். அது போதைப்பொருள் விற்பனை ஒன்றில் துப்பாக்கி வெடித்த வழக்கு என்றாலும் அதன் கொள்கை கொள்ளைக்கும் பொருந்தும். துப்பாக்கியோடு குற்றம் செய்ய உடந்தை என்ற ஃபெடரல் குற்றச்சாட்டுக்கு, துப்பாக்கி வரப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே, விலகிக்கொள்ள வாய்ப்பு இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி வெளியே வந்த பிறகு தெரிந்தது போதாது. அங்கே நீதிபதி படித்த அறிவுரையில் இந்த 'முன்கூட்டியே' இல்லாததால் தீர்ப்பு ரத்தாகி வழக்கு கீழே திரும்பியது. மாநில வழக்குகளில் உடந்தைச் சட்டம் வேறாக இருக்கலாம். பல மாநிலங்களில் இன்னும் கடுமையாகவே இருக்கிறது.

தண்டனையைக் கூட்டும் உண்மைகளையும் ஜூரியே தீர்மானிக்க வேண்டும். 2013-இன் அலெய்ன் வழக்கில் கார் பழுதானதுபோல் நடித்து, வங்கிக்குப் பணம் கொண்டுபோன கடை மேலாளரை நிறுத்திக் கொள்ளையடித்தார்கள். படிவத்தில் ஜூரி 'துப்பாக்கியைப் பயன்படுத்தினார் அல்லது வைத்திருந்தார்' என்பதைக் குறித்தது. 'காட்டி மிரட்டினார்' என்பதைக் குறிக்கவில்லை. நீதிபதி தானாகவே மிரட்டினார் என்று முடிவுசெய்து, குறைந்தபட்சத் தண்டனையை 5 ஆண்டிலிருந்து 7 ஆண்டாக ஆக்கினார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். டிரான்ஸ்கிரிப்டோடு ஜூரி நிரப்பிய படிவத்தையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சிறிய குற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை ஜூரிக்குத் தராமல் விடுவதும் ஒரு காரணம். ஆயுதம் இருந்ததா என்பதே சந்தேகமாக இருக்கும் வழக்கில், 'வெறும் கொள்ளை' என்றோ 'திருட்டு' என்றோ முடிவெடுக்கலாம் என்று ஜூரிக்குச் சொல்லவில்லை என்றால், அவர்கள் முன்னால் இருப்பது முழுக் குற்றம் அல்லது முழு விடுதலை. ஆனால் இங்கே கவனம் வேண்டும். சிறிய குற்றத்தின் எல்லா அங்கங்களும் பெரிய குற்றத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. வங்கிக் கொள்ளைக்குள் வங்கித் திருட்டு அடங்காது என்று 2000-இல் கார்ட்டர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டார்கள். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் சட்டம்.

சாட்சி "இவன்தான், நூறு சதவீதம் நிச்சயம்" என்றார். அதை அப்படியே நம்பலாம் என்று நீதிபதி சொன்னார். இது தவறில்லையா?

தவறுதான் என்று இப்போது பல மாநிலங்கள் உணர்ந்திருக்கின்றன. கொள்ளை வழக்குகளில் இதுதான் நெஞ்சை அறுக்கும் விஷயம். முகமூடி, சில விநாடி, கண்ணுக்கு நேரே துப்பாக்கிக் குழல். அப்படிப் பார்த்தவர் கோர்ட்டில் காட்டும் நிச்சயத்துக்கும் அவர் சொல்வது சரியாக இருப்பதற்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பு இல்லை.

நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹெண்டர்சன் வழக்கில், அடையாளம் காட்டுவதில் என்னென்ன தப்பலாம் என்று ஜூரிக்கு விரிவாகச் சொல்ல வேண்டும் என்றது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021-இல் லெம்கி வழக்கில், 'சாட்சி எவ்வளவு நிச்சயமாக இருந்தார் என்பதைக் கருதுங்கள்' என்ற வரியை, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே கேட்டால் ஒழிய, இனிப் படிக்க வேண்டாம் என்றது. அதே தீர்ப்பில், அந்தக் கொள்ளை வழக்கின் தண்டனையை அப்படியே உறுதி செய்தது. மொத்த விசாரணையையும் வைத்துப் பார்த்தால் அநீதி நடக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. வழக்குத் தொடுத்தவருக்குப் பலன் இல்லை, பின்னால் வந்தவர்களுக்கு உண்டு. அப்பீல் உலகில் இது அடிக்கடி நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பழகவில்லை.

துப்பாக்கியில் குண்டே இல்லை. அப்புறம் எப்படி ஆயுதக் கொள்ளை?

ஃபெடரல் வங்கிக் கொள்ளையில் அந்த வாதம் 1986-லேயே உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. பால்டிமோர் வங்கி ஒன்றில் காலித் துப்பாக்கியோடு நுழைந்தவரின் வழக்கு அது. துப்பாக்கி இயல்பிலேயே ஆபத்தான பொருள், அதைக் காட்டினால் பயந்தவர் யாராவது பதிலுக்குச் சுடலாம், அடிப்பதற்கும் பயன்படும் என்று மூன்று காரணம் சொன்னார்கள். பொம்மைத் துப்பாக்கி, சட்டைக்குள் விரல் ஆகியவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. உங்கள் மாநிலத்தின் வரையறையும் நீதிபதி படித்த வரையறையும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அறிவுரையில் தவறு இருந்தால் தண்டனை ரத்தாகிவிடும் அல்லவா?

தானாக ஆகாது. இதைப் புரிந்துகொள்ள கப் எதிர் நாட்டன் என்ற 1973-ஆம் ஆண்டு வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. ஓரிகன் மாநிலம், மளிகைக் கடையில் ஆயுதக் கொள்ளை. குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறவில்லை, தன் தரப்பில் சாட்சி யாரையும் கூப்பிடவும் இல்லை. நீதிபதி ஜூரியிடம், 'ஒவ்வொரு சாட்சியும் உண்மை பேசுகிறார் என்று சட்டம் கருதுகிறது. அவர் பேசும் விதத்தாலோ எதிர்ச் சாட்சியத்தாலோ அந்தக் கருத்து மாறலாம்' என்ற பொருளில் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பேசியவர்கள் எல்லோரும் அரசுத் தரப்புச் சாட்சிகள். அவர்கள் எல்லோரும் உண்மை பேசுவதாக எடுத்துக்கொள் என்றால், நிரூபிக்கும் சுமை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறது அல்லவா? ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம் அப்படித்தான் நினைத்து அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதை மாற்றியது. அந்த வாசகம் விரும்பத்தக்கதல்ல என்பதை அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரியைத் தனியே பிய்த்தெடுத்துப் பார்க்கக்கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று கருதப்பட வேண்டும், சந்தேகத்துக்கு இடமின்றி அரசு நிரூபிக்க வேண்டும் என்று அதே நீதிபதி தெளிவாகச் சொல்லியிருக்கிறார், மொத்தமாகப் பார்த்தால் அந்த ஒரு வரி முழு விசாரணையையும் கெடுக்கவில்லை என்றார்கள். மறுத்து எழுதிய நீதிபதி பிரெனனின் வாதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கணக்கில் வருவது ஆறு பேரின் வாதம்.

ஆகவே இரண்டு படி ஏற வேண்டும். முதல் படி, மொத்த அறிவுரையையும் சேர்த்துப் பார்த்தாலும் ஜூரி அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது என்று காட்டுவது. இரண்டாம் படி, அந்தத் தவறு தீர்ப்பைப் பாதித்தது என்ற சண்டை. அரசியல் சாசன உரிமையைத் தொட்ட தவறு, சரியான நேரத்தில் ஆட்சேபிக்கவும் பட்டது என்றால், 1967-இன் சாப்மன் தீர்ப்புப்படி, தவறு தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டும் சுமை அரசுடையது. குற்றத்தின் ஓர் அங்கத்தையே சொல்லாமல் விட்டாலும் இதே அளவுகோல்தான் என்று 1999-இல் நெடர் வழக்கில் சொன்னார்கள். அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயத்தில் விழுந்த ஓட்டையைவிட, விசாரணை முழுக்க இழுபறியாக இருந்த விஷயத்தில் விழுந்த ஓட்டைதான் உங்களுக்கு உதவும்.

ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் படியுங்கள்: ஜூரி ஆலோசனைக்குப் போன பிறகு நீதிபதிக்குக் கேள்வி எழுதி அனுப்பியிருந்தால், அதற்கு அவர் சொன்ன பதில். 1946-இன் பாலன்பாக் வழக்கில் மணிக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்த ஜூரி கேள்வி கேட்டது. நீதிபதி தவறான பதில் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் 'குற்றவாளி' என்று வந்தார்கள். எது முடிவைத் தீர்மானித்தது என்பதில் அங்கே ஐயமே இல்லை. தண்டனை ரத்தானது.

எங்கள் வக்கீல் அப்போது வாயே திறக்கவில்லை. இப்போது எழுப்ப முடியுமா?

முடியும், ஆனால் மலை செங்குத்தாகிவிடும். ஃபெடரல் விதி 30-இன்படி, ஜூரி ஆலோசனைக்குப் போகும் முன் எது தவறு, ஏன் தவறு என்று குறிப்பாக ஆட்சேபிக்க வேண்டும். "ஆட்சேபிக்கிறேன்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. அப்படிச் செய்யவில்லை என்றால், தவறு பளிச்சென்று தெரிய வேண்டும், முக்கிய உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டால் நீதிமன்றத்தின் நேர்மைக்கே களங்கம் என்ற அளவுக்கு இருக்க வேண்டும். சில மாநிலங்கள் இதில் இரக்கம் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவில் முக்கிய உரிமையைத் தொடும் அறிவுரைத் தவறை, ஆட்சேபம் இல்லாவிட்டாலும் அப்பீல் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

உங்கள் வக்கீலே அந்தத் தவறான வாசகத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் கதை வேறு. தானே அழைத்துவந்த தவறைப் பற்றிப் பிறகு புகார் செய்ய அனேகமாக விடமாட்டார்கள். அப்போது மிஞ்சுவது 'வக்கீலின் உதவி தகுதியற்றதாக இருந்தது' என்ற 1984-இன் ஸ்ட்ரிக்லண்ட் வழி. அது பெரும்பாலும் தனி மனுவாகப் பிறகு வரும்.

அரசு வழக்கறிஞரே சாட்சி சொன்னார். இது அனுமதிக்கப்பட்டதா?

பொதுவாகக் கூடாது. ஒரே வழக்கில் ஒருவர் வக்கீலாகவும் முக்கிய சாட்சியாகவும் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 3.7. ஏதோ ஒரு வடிவில் மாநிலங்களில் அது நடைமுறையில் இருக்கிறது. யாரும் மறுக்காத விஷயம் போன்ற சில விலக்குகள் உண்டு.

இது நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். கடை ஊழியர் ஒருவரை அரசு வழக்கறிஞர் விசாரணைக்கு முன் தனியாகச் சந்திக்கிறார். அங்கே ஊழியர் "ஆமாம், அவன்தான்" என்கிறார். கூண்டில் ஏறியதும் "சரியாகத் தெரியவில்லை" என்கிறார். அறையில் இருந்தது இரண்டே பேர். அவர் முன்பு வேறு மாதிரி சொன்னார் என்று காட்ட அரசு வழக்கறிஞர் ஒருவரால்தான் முடியும். இதைத் தவிர்க்கத்தான் சாட்சியைச் சந்திக்கும்போது புலனாய்வாளர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தொழில் நெறிகள் சொல்கின்றன. வைத்துக்கொள்ளாமல் விட்டவர், தானே கூண்டில் ஏறுகிறார். பிறகு இறங்கிவந்து, இறுதி வாதத்தில் தன் சாட்சியத்தை நம்பும்படி தானே ஜூரியைக் கேட்கிறார்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு: ஜூரியின் கண்ணில் அவர் தனி மனிதர் அல்ல, அரசாங்கம். அவர் பொய் சொல்வார் என்று யாருக்கும் தோன்றாது. அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல்தான் மரியாதை இல்லாதவராகத் தெரிவார். எது வாதம், எது சாட்சியம் என்ற கோடும் அழிந்துவிடும்.

அப்பீலில் பார்ப்பது: வேறு யார் மூலமாகவும் அந்த விஷயத்தைக் காட்ட முடியாத கட்டாயம் இருந்ததா? அதே அலுவலகத்தின் இன்னொருவரிடம் வழக்கை ஒப்படைத்தாரா, அல்லது சாட்சி சொன்ன பிறகும் தானே தொடர்ந்தாரா? அவர் சொன்னது ஓரமான விஷயமா, அடையாளம் காட்டுவது போன்ற நடு விஷயமா? இறுதி வாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டு பேசினாரா? சாட்சி சொல்லி, தானே தொடர்ந்து, நடு விஷயத்தில், அதையே இறுதி வாதத்திலும் பேசியிருந்தால் உங்கள் கையில் உண்மையான வாதம் இருக்கிறது. அவர் விலகிக்கொண்டு இன்னொருவர் வழக்கை நடத்தியிருந்தால் பெரும்பாலும் இல்லை.

கூண்டில் ஏறவில்லை, ஆனால் கேள்வியிலும் இறுதி வாதத்திலும் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார். அது?

அதுவும் சாட்சியம்தான். சத்தியப் பிரமாணம் இல்லாத, குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியம் என்பதால் இன்னும் மோசமானது. "நீங்கள் என் அறையில் என்னிடம் வேறு சொன்னீர்களே?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டுவிட்டு, அதற்கு ஆதாரம் எதையும் தராமல் நகர்ந்தால், ஜூரியின் காதில் விழுந்தது கேள்வி அல்ல, தகவல். 1935-இன் பெர்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தவற்றில் இதுவும் ஒன்று. அரசு வழக்கறிஞர் பலமாக அடிக்கலாம், முறைகேடாக அடிக்கக்கூடாது, அவர் வேலை வழக்கில் ஜெயிப்பது அல்ல, நீதி நடப்பதைப் பார்ப்பது என்ற பொருளில் நீதிபதி சதர்லண்ட் எழுதியதை இன்றும் ஒவ்வொரு அப்பீல் வாதத்திலும் பார்க்கலாம்.

"எனக்கு இந்தச் சாட்சியைத் தெரியும், உண்மை பேசுபவர்" என்று உத்தரவாதம் கொடுப்பதும் தவறு. ஜூரிக்குக் காட்டாத ஏதோ ஒன்று அரசின் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்கும் என்று 1985-இன் யங் வழக்கு விளக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் ஏன் கூண்டில் ஏறவில்லை என்று கேட்கவே கூடாது என்பது 1965-லேயே முடிந்த விஷயம்.

ஆனாலும் எச்சரிக்கிறேன். ஃப்ளோரிடாவில் ஃபர்னிச்சர் கடையில் 1973-இல் நடந்த கொள்ளை, கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை அரசு வழக்கறிஞர் 'மிருகம்' என்றார், அதைவிட மோசமாகவும் பேசினார். அந்தப் பேச்சை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. கண்டித்துவிட்டு, சாட்சியம் பலமாக இருக்கிறது என்று 1986-இல் ஐந்துக்கு நான்கில் தண்டனையை நிலைநிறுத்தியது. டார்டன் என்ற அந்த மனிதர் 1988-இல் மின்சார நாற்காலியில் இறந்தார். பெர்கர் வழக்கிலோ சாட்சியம் மெலிந்திருந்தது, தண்டனை ரத்தானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் வழக்கின் சாட்சியம் எவ்வளவு மெலிந்தது என்று நேர்மையாக எழுதிக் காட்டுவதே பாதி வேலை என்பது புரியும்.

சாட்சி பொய் சொல்வது தெரிந்தும் அரசு வழக்கறிஞர் சும்மா இருந்தால்?

அது இன்னும் கனமான குற்றச்சாட்டு. 1959-இன் நேப்யூ வழக்கில், தனக்குச் சலுகை எதுவும் தருவதாக யாரும் சொல்லவில்லை என்று சாட்சி பொய் சொன்னபோது, வாக்குக் கொடுத்திருந்த அரசு வழக்கறிஞர் மௌனமாக நின்றார். திருத்தாமல் விடுவதும் பொய்யைப் பயன்படுத்துவதுதான் என்றார்கள். 2025 பிப்ரவரியில் ஓக்லஹோமாவின் கிளாசிப் வழக்கில் இதே காரணத்துக்காக மரண தண்டனைக் கைதியின் குற்றத்தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணைக்கு உத்தரவானது.

ஜூரியில் இருந்த ஒருவர் "நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம்" என்று எங்களிடம் சொன்னார். அது போதுமா?

பயன்படாது. உள்ளே என்ன பேசினார்கள், எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை வைத்துத் தீர்ப்பைக் கலைக்க ஃபெடரல் சாட்சிய விதி 606 விடுவதில்லை. வெளியிலிருந்து வந்த அழுத்தம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஜூரி உறுப்பினர்களை நீங்களாகத் தேடிப்போய்ப் பேசவும் வேண்டாம். பல இடங்களில் அதற்கே கட்டுப்பாடு இருக்கிறது.

ஜெயித்தால் வீட்டுக்கு வந்துவிடுவாரா?

அறிவுரைத் தவறுக்கோ அரசு வழக்கறிஞரின் நடத்தைக்கோ ரத்தானால், அநேகமாக மறுவிசாரணைதான். அதுவரை ஜாமீன் கிடைப்பது தனிக் கேள்வி. சாட்சியமே போதவில்லை என்று ரத்தானால் மட்டும் மறுபடி விசாரிக்க முடியாது. 1978-இன் பர்க்ஸ் தீர்ப்பு அது, அதுவும் ஆயுதத்தோடு நடந்த வங்கிக் கொள்ளை வழக்குதான். அதனால் நல்ல வக்கீல்கள் இடம் இருந்தால் இரண்டு வாதத்தையும் சேர்த்தே வைப்பார்கள்.

நடைமுறையில் பல வழக்குகள் மறுவிசாரணை வரை போவதில்லை. சாட்சிகள் இடம் மாறியிருப்பார்கள், நினைவு மங்கியிருக்கும், குறைந்த குற்றத்துக்கு ஒப்பந்தம் பேச அரசுத் தரப்பு வரும். அப்பீல் செய்ததற்குப் பழிவாங்கக் கூடுதல் தண்டனை கொடுக்கக்கூடாது என்று 1969-இல் பியர்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

தோற்றால்?

மாநில உச்ச நீதிமன்றத்திடம் கேட்கலாம். அதன் பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்திடம் மனுப் போட 90 நாள். அது எடுத்துக்கொள்வது மிக அபூர்வம். அடுத்து ஃபெடரல் ஹேபியஸ் மனு, அதாவது அரசியல் சாசனத்தை மீறிச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் போடும் மனு. 1996-இன் சட்டப்படி அதற்கு ஓராண்டுக் கெடு, பொதுவாக நேரடி அப்பீல் முழுதாக முடிந்த நாளிலிருந்து ஓடும். மாநிலச் சட்டப்படி அறிவுரை தவறு என்பது மட்டும் அங்கே செல்லாது. அரசியல் சாசனத்தின் நியாயமான விசாரணை உரிமையை அது மீறியது என்று மாநில நீதிமன்றத்திலேயே, முதல் அப்பீலிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் பின்னால் கதவு மூடிக்கொண்ட கோப்புகளைக் கண்ணீரோடு மூடி வைத்திருக்கிறேன். வக்கீலின் வரைவு வந்தால் அந்த வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. வேறு ஆபத்து உண்டா?

உண்டு. கொள்ளைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தும் நடவடிக்கை வரலாம். குற்றவியல் வக்கீலோடு குடியேற்ற வக்கீல் ஒருவரையும் முதல் வாரத்திலேயே பாருங்கள். அப்பீல் நிலுவையில் இருப்பது அந்த நடவடிக்கையைப் பாதிக்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

குடும்பமாக நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?

கெடுத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டிரான்ஸ்கிரிப்டில் நீதிபதி வாயால் படித்த அறிவுரை, ஜூரி அறைக்குள் போன எழுத்துப் பிரதி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விட்டுப்போன ஒரு 'அல்லது', ஒரு 'மட்டும்' கூட முக்கியம். அரசு வழக்கறிஞர் 'நான்', 'எனக்கு' என்று சொன்ன ஒவ்வொரு இடத்தையும் பக்க எண்ணோடு குறியுங்கள். பக்கத்திலேயே உங்கள் வக்கீல் ஆட்சேபித்தாரா, நீதிபதி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பதிவில் '(பதிவுக்கு வெளியே பேச்சு)' என்று வரும் இடங்களைத் தனியே குறித்து, அங்கே என்ன நடந்தது என்று பழைய வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிறைத் தொலைபேசியில் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், அழைப்புகள் பதிவாகின்றன. மறுவிசாரணை வந்தால் அந்தப் பேச்சே சாட்சியமாகிவிடும். சாப்பிட்டாரா, தூங்கினாரா, குழந்தை பள்ளியில் என்ன செய்தது, இதையெல்லாம் பேசுங்கள். பிரீஃப், அதாவது எழுத்து வாதம், தாக்கலாகித் தீர்ப்பு வர ஓராண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.